ஐஸ் ரூம் சுவருக்குப் பச்சை அடித்தோம்

கடல் பக்கம் வானம் கறுத்ததும் நான் வயர்லெஸ்ஸை எடுத்தேன். எடுத்த வேகத்திலேயே போஸ்ட்மேன் அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"வேண்டாம் டெய்லர். உங்க வீட்டுக்காரம்மா படகுல இருக்கிற பெட்டியை ஆஃப் பண்ணி ரொம்ப நேரமாச்சு."

"எப்ப?"

"சாப்பிட்டியான்னு திரும்பவும் கேட்டீங்களே, அப்ப."

போஸ்ட்மேன் இப்போது தபால் கொடுப்பதில்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் எங்கள் தொண்டர் குழுவில் சேர்ந்து, வயர்லெஸ் அறையைச் சொந்த வீடு மாதிரி ஆக்கிக்கொண்டவர். நான் தையல்காரன். துறைமுக வாசலுக்கு எதிரே கடை. இந்தச் சின்னத் துறைமுகத்தை முன்பு ஒரு சர்க்கார் அலுவலகம் பார்த்துக்கொண்டது. பார்த்துக்கொண்டது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒருநாள் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நாங்கள்தான். கூட்டுவது, விளக்குப் போடுவது, எந்தப் படகை எங்கே கட்டுவது என்ற சண்டையில் நடுவில் புகுந்து திட்டு வாங்குவது, எல்லாம் சம்பளமில்லாத வேலை. அதில் ஒரு சுகம், யாரும் யாரையும் கேட்க வேண்டாம். நல்லது என்று பட்டால் செய்துவிடலாம்.

என் மனைவி படகு ஓட்டுகிறாள். துறைமுகம் முழுக்க அவளுக்கு டிரைவரம்மா என்றுதான் பெயர். மாமனாரின் படகு அவளுக்கு வந்தது, அவள் தம்பி தனியாக ஒன்று வாங்கிக்கொண்டான். எனக்குக் கடல் ஆகாது. கல்யாணமான புதிதில் பெருமைக்காக ஒரு தடவை ஏறினேன். துறைமுக வாயைத் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது, பாதி வழியிலேயே திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். கரையில் கிடப்பவன் கரைக்காவது உபயோகமாக இருக்கட்டும் என்று குழுவில் சேர்ந்தேன். கடையில் வெட்டிய துணி வெட்டியபடி கிடக்கும், நான் இங்கே அடுத்தவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருப்பேன். அவள் படகு உள்ளே வரும்வரை எனக்கு ஊசியில் நூல்கூடக் கோர்க்க வராது.

"அவ ஒருத்திதான் வெளியவா?" என்று கேட்டேன்.

"உங்க மச்சான் இருக்காரு. லேட்டு இருக்காரு. மத்த எல்லாரும் மேகத்தைப் பார்த்து இன்னிக்கு இறங்கவே இல்ல."

லேட்டு என்பவர் எப்போதும் கடைசியாக வருகிறவர். அவர் படகில் வயர்லெஸ்ஸும் கிடையாது. வைத்துக்கொள்ளச் சொன்னால், "டெய்லர் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு, யாருக்கு வேணும்" என்பார். என் மானம் அந்த அளவுக்குக் கடலில் போய்க்கொண்டிருக்கிறது.

மழை ஒரேயடியாக இறங்கியது. படகு கட்டும் மேடையின் ஓரத்துக்கு ஓடினேன், ஒன்றும் தெரியவில்லை. மீன் ஏலக்கூடத்துக்கு ஓடினேன், அங்கிருந்து என்ன தெரியும், திரும்பி வந்தேன். போஸ்ட்மேன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது மச்சானின் படகு தெரிந்தது. தெரிந்த இடம்தான் சரியில்லை. எங்கள் துறைமுகத்தின் வாய் குறுகலானது. ஒரு பக்கம் அலைத்தடுப்புக் கற்கள், மறுபக்கம் தண்ணீருக்கடியில் மணல் திட்டு. நடுவில் ஒரு படகு போகும் அளவுக்குத்தான் ஆழம். மச்சான் நேராகக் கற்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். நான் கத்தினேன். அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது? கடைசி நேரத்தில் கற்களைப் பார்த்துத் திருப்பினான். படகின் விலா கல்லில் உரசிய சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. எப்படியோ உள்ளே வந்தான்.

கயிற்றைக்கூடக் கட்டாமல் மேடைமேல் குதித்தான்.

"சுவர் எங்க மாமா?"

"எந்தச் சுவர்?"

"வெள்ளைச் சுவர்! ஐஸ் ரூம் சுவர்!"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். ஐஸ் ரூம் அங்கேயேதான் இருந்தது. சுவர்தான் பச்சையாக இருந்தது.

அடித்தது நாங்கள்தான். நேற்று படகுகளுக்கு விடுமுறை. ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயின்ட்டை ஐஸ்காரர் கொண்டுவந்தார். ஐஸ் ரூம் அவருடையது, அவரும் எங்கள் குழுவில் இருப்பவர். சுவரில் வெள்ளை உரிந்து தேமல் மாதிரி கிடந்தது. "அடிச்சுடலாமா?" என்று அவர் கேட்டார், "இதைக் கேக்கணுமா?" என்றேன் நான். தொண்டர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பிரஷ் எடுத்தார்கள். மச்சான் ஏணியைப் பிடித்துக்கொண்டான். ஆமாம், இதே மச்சான்தான். லேட்டு வந்து தள்ளி நின்று பார்த்து, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். என் மனைவியும் அந்தப் பக்கமாகப் போனாள். "மேல ஒரு மூலையை விட்டுட்டீங்க" என்று காட்டிவிட்டுப் போனாள். நானே ஏறி அந்த மூலையையும் பச்சை ஆக்கினேன்.

அந்தச் சுவரைப் பார்த்துத்தான் உள்ளே வருகிறார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. பார்த்து வருகிறவர்களுக்கே தோன்றவில்லை. வெள்ளைச் சுவருக்கு நேர் பின்னால், மேட்டில், தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. வெள்ளைக்கு மேலே தொட்டி நிற்கும்படி பிடித்துக்கொண்டு வந்தால் படகு ஆழத்தில் வரும். தொட்டி ஒரு பக்கம் விலகினால் கல், மறுபக்கம் விலகினால் மணல். தினமும் செய்கிறார்கள், சட்டைப் பொத்தான் போடுகிற மாதிரி, கை தானாகச் செய்கிறது. அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. கரையில் நின்று பார்க்கும்போது அது வெறும் அழுக்குச் சுவர். இன்று விடியுமுன் கிளம்பிப் போகும்போது முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரை எவன் திரும்பிப் பார்ப்பான்? வெயில் நாளாக இருந்திருந்தால் கண்ணால் சமாளித்திருப்பார்கள். இந்த மழையில் பச்சை, பின்னால் இருக்கும் மரங்களோடு மரமாகப் போய்விட்டது.

மச்சானைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பினேன்.

"திரும்பிப் போய் அவளுக்குச் சொல்லுடா!"

"இந்த அலையில வாயைத் தாண்டி வெளிய போக முடியாது மாமா. உள்ள வரத்தான் முடியும். அதுவும் வழி தெரிஞ்சா."

போஸ்ட்மேனிடம் ஓடினேன். அவர் ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "டிரைவரம்மா, டிரைவரம்மா, உள்ள வராதீங்க." பதிலுக்கு இரைச்சல்தான் வந்தது. என் நச்சரிப்பு தாங்காமல் அவள் அணைத்து வைத்த பெட்டி. அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன், ஒரு தடவையாவது காரியத்துக்குக் கூப்பிட்டிருந்தால் அவள் பெட்டியை அணைத்திருப்பாளா? இத்தனை வருஷமாக அவள் எதைப் பார்த்து வீட்டுக்கு வருகிறாள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா? சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

கடைக்கு ஓடினேன். பள்ளிக்கூடச் சட்டைக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளைத் துணி கட்டுக் கட்டாக இருந்தது. தோளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடி வந்தேன். மச்சான் கூரைமேல் ஏறினான், நான் விரித்துக் கொடுத்தேன், ஐஸ்காரர் கீழே கல் வைத்துக் கட்டினார். துணி சுவரில் அழகாக இறங்கியது. "பார்த்தீங்களா!" என்று நான் எல்லோரையும் திரும்பிப் பார்த்தேன்.

நனைந்த துணி சுவரோடு ஒட்டிக்கொண்டு, அதன் வழியே பச்சை முழுசாகத் தெரிந்தது.

காலமெல்லாம் துணி வெட்டுகிறவன் நான். வெள்ளைக்கு உள்துணி வைக்காவிட்டால் மழையில் மானம் போய்விடும் என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புகிறவன். அது எனக்கே மறந்துபோனது. இன்னொரு மடிப்புப் போடலாம் என்று கட்டைப் பிரித்தேன். காற்று அதைப் பறித்து ஏலக்கூடத்துக் கூரைமேல் எறிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். ஐஸ்காரர்தான் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பெட்டி, டெய்லர்! தெர்மோகோல் பெட்டி!"

மீன் அடைத்து அனுப்பும் வெள்ளைப் பெட்டிகள் அவர் கிடங்கில் கூரைவரை அடுக்கியிருந்தன. முதலில் கொண்டுவந்து வைத்தவை காற்றில் எழும்பிப் பறந்து மேடையில் உருண்டு ஓடின. போஸ்ட்மேன் ஒன்றைத் துரத்திக்கொண்டே போய் வழுக்கி விழுந்தார். அந்த நேரத்திலும் ஒருவன் சிரித்தான், அவனை நான் அடிக்கப் போனேன்.

"உள்ள ஐஸைப் போடுங்க," என்று ஐஸ்காரர் கத்தினார். "எல்லாத்தையும் போடுங்க. உருகட்டும், போனா போகட்டும்!"

வரிசையாக நின்றோம். ஐஸைக் கொட்டிய பெட்டி கை மாறிக் கை வந்தது. வீட்டு வாசலில் நின்று மழை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து சேர்ந்துகொண்டார்கள். விரல் மரத்துப்போய், பெட்டி கையில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனால் சுவர் முழுவதையும் மறைக்கப் பெட்டி பத்தாது என்பது அடுக்க ஆரம்பித்ததுமே தெரிந்தது.

"எந்தப் பக்கம் வைக்க?" என்று மச்சானைக் கேட்டேன். "நீதானே தினமும் பார்க்கிறே?"

அவன் சுவரைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"வெள்ளைன்னா வெள்ளை மாமா. அது எந்த ஓரம்னு யாரு பார்த்தா? நடுவுல வைங்க."

நடுவில் வைத்தோம். ஆளுயரத்துக்கு மேல் அடுக்கினோம். நான் தள்ளிப் போய்ப் பார்த்தேன், கிட்டே வந்து ஒரு பெட்டியை நேராக்கினேன், மறுபடி தள்ளிப் போனேன். வெள்ளையாகத்தான் இருந்தது. கடலிலிருந்து எப்படி இருக்கும் என்று மச்சானுக்கும் சொல்லத் தெரியவில்லை, இன்று இறங்காமல் கரையில் நின்ற மற்றப் படகுக்காரர்களுக்கும் தெரியவில்லை. மேடை ஓரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் நான் அலைந்த அலைச்சலில் செருப்பு அறுந்து எங்கேயோ போய்விட்டது.

"அதோ!" என்றார் போஸ்ட்மேன்.

மழைக்குள் ஒரு கறுப்பு. அவள் படகுதான். ஆனால் அதன் மூக்கு எங்களைப் பார்க்கவில்லை, வெளிப்பக்கம் பார்த்தது. திரும்பிப் போகிறாளா? போகட்டும், போய் எங்கேயாவது நங்கூரம் போடட்டும் என்று ஒரு மனம் சொன்னது. ஐயோ போகிறாளே என்று இன்னொரு மனம். அதற்குள் மூக்கு திரும்பியது. நேராக எங்களை நோக்கி, தயக்கமே இல்லாமல் வந்தது.

வாய்க்குள் நுழைந்ததும் படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நின்றேவிட்டது. பின்னால் ஓர் அலை உயர்ந்து வந்ததைப் பார்த்தேன். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. அலை படகைத் தூக்கி முன்னால் போட்டது. இன்ஜின் உறுமியது. படகு உள்ளே வந்துவிட்டது.

அவள் இறங்கியதும் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். அவ்வளவு பேர் முன்னால் எனக்குக் கை வரவில்லை. அவள் கையிலிருந்த கயிற்றைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"படகோட அடி மணல்ல தட்டிருச்சு," என்றாள். யாரிடமோ சொல்வது போல. உதடு வெளுத்திருந்தது. "அங்க தட்ட வேண்டியதே இல்லையே. வெள்ளைக்கு மேல தொட்டி, சரியாத்தானே பிடிச்சு வந்தேன்?"

அப்புறம்தான் அவள் ஐஸ் ரூமைப் பார்த்தாள். பச்சைச் சுவரையும், அதன் நடுவில் அடுக்கியிருந்த பெட்டிகளையும், அடியில் ஓடிய ஐஸ் தண்ணீரையும்.

"நான்தான்," என்றேன். "பச்சை அடிக்கலாம்னு சொன்னதும் நான், பெட்டியை நடுவுல வெச்சதும் நான்."

"நானும்தான் பார்த்துட்டுப் போனேன். மூலையை விட்டுட்டீங்கன்னு வேற சொன்னேன்." முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணுமே தெரியலன்னு திரும்பிட்டேங்க. மேட்டுக்கு அந்தப் பக்கம், காத்து படாத இடத்துல போய் நங்கூரம் போடலாம்னு. அப்ப வெள்ளை தெரிஞ்சுது. உடனே திருப்பிட்டேன்."

"கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்ல?"

"வெள்ளை தெரிஞ்சா நான் யோசிக்கவே மாட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். நாங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் அவள் பத்திரமாக அந்தப் பக்கம் போயிருப்பாள். எங்கள் வெள்ளையை நம்பி வந்துதான் மணலில் தட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தி நம்பும் இடத்தில், மிச்ச பெயின்ட் இருக்கிறதே என்று நாங்கள் விளையாடியிருக்கிறோம்.

"லேட்டு எங்க?" என்று அவள் திடீரென்று கேட்டாள்.

"இன்னும் வரல."

"அப்ப ஏன் இப்படியே நிக்கிறீங்க எல்லாரும்? நடுவுல இல்ல, வலது ஓரம்! கடல்ல இருந்து பார்த்தா சுவர்ல இடது பாதியை முன்னால இருக்கிற ஜெனரேட்டர் ஷெட்டு மறைச்சிடும். வலது பாதிதான் எங்களுக்குத் தெரியும். டேய் தம்பி, நீயும்தானே தினமும் வர்றே, உனக்குத் தெரியாது?"

"மாமா கேட்டதும் மறந்துருச்சுக்கா," என்றான் மச்சான்.

எல்லோரும் பெட்டிகளிடம் ஓடினார்கள். நானும் ஓடினேன். அவள் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க எங்க போறீங்க?"

"பெட்டி தூக்க."

"வேண்டாம். நீங்க இங்க நில்லுங்க." ஐஸ் ரூமின் வலது மூலைக்கு என்னை நடத்திக் கொண்டுபோய், பச்சைச் சுவரை ஒட்டி நிற்கவைத்தாள். ஒருமுறை தொட்டியைத் திரும்பிப் பார்த்து, என்னை ஓரடி நகர்த்தினாள். "தினமும் இங்கதானே நின்னு ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டு இருப்பீங்க?"

"நீ உள்ள வரணும்னு ஆட்டுவேன். கடல்லேர்ந்து அது உனக்குத் தெரியுமா என்ன?"

"தெரியாம? சுவர் தெரிஞ்சதும் அடுத்தாப்பல நீங்கதான். லேட்டு எங்கிட்டச் சொல்லியே சிரிப்பாரு. டெய்லர் கை ஆடுது, நேரா விடுன்னு அவர் பையனுக்குச் சொல்லுவாராம்." அவள் குரல் சட்டென்று உடைந்தது. "இன்னிக்கு நீங்க இங்க இல்ல. வெள்ளை மட்டும் இருந்துச்சு, நீங்க அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டு இருந்தீங்க. மழைக்குள்ள உங்களைத் தேடினேங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாதீங்க. கையை மட்டும் ஆட்டுங்க. காலை எடுத்தீங்கன்னா தெரியும்."

அவள் பெட்டி தூக்கப் போய்விட்டாள். போஸ்ட்மேன் ஏதோ கேட்டு என்னைக் கூப்பிட்டார். ஐஸ்காரர் இன்னும் ஐஸ் வேண்டுமா என்று கத்தினார். மேடையில் ஒரு கயிறு அவிழ்ந்து படகு ஒன்று விலகிப் போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்ததும் என் கால் தானாக எழும்பப் பார்த்தது. இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினேன். பக்கத்தில் ஒவ்வொரு பெட்டியாக வந்து, வெள்ளை என்னை ஒட்டி உயர்ந்துகொண்டிருந்தது. மழைக்குள் எங்கேயோ லேட்டின் இன்ஜின் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் போல உடம்பெல்லாம் பறந்தது. கையை ஆட்டிக்கொண்டே, இருந்த இடத்தில் நின்றேன்.